ஹார்ட்லி என்று சொன்ன ராத்திரி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில் 'தி வூண்ட் இஸ் கிளீன்லி' என்று ஒரு வரி இருந்தது. காயம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறாள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'லி'யை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படித்தான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குப் பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த 'லி' எனக்கு நன்றாகத் தெரிந்த 'லி'. ஒரு காலத்தில் நானும் அதைச் சுமந்துகொண்டு திரிந்தவள். ஒரு ராத்திரி அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பல வருடம் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் நர்ஸ். குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன். நர்சிங் முடித்து, சில வருடம் ஊரிலேயே வேலை பார்த்து, 2007-இல் சவுதிக்குப் போய் 14 வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு புதுக் கதையே இல்லை. நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கியது 1838-இல். ஆஸ்பத்திரியும் இங்கிலீஷும் எங்கள் ஊர்களுக்குள் கிட்டத்தட்ட ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன என்று எனக்குத் தோன்றும். இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிக் கிளம்பப்போகிற இரண்டு மூன்று பேர் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ், டாக்டர் போன்றவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஇடிக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறார்கள். மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளை வாசிக்க மட்டும். மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள், இந்த நோயாளியை இனி பார்க்கப்போகிறவர் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். அவ்வளவு சின்னக் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்தாக வேண்டும்.

அந்த ராத்திரி

சவுதிக்குப் போய் நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். மெடிக்கல் வார்டில் நைட் டூட்டி. நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள ஒரு பெரியவர், 65 வயதுக்கு மேல். மாலையில் நன்றாகத்தான் இருந்தார். இரண்டு மணி வாக்கில் போய்ப் பார்க்கும்போது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முன்னால் இருந்த சாப்பாட்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபட்டது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம் என்று காட்டியது. மகன் பக்கத்து நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஆக்சிஜனைச் சரி பார்த்துவிட்டு, டூட்டி டாக்டரை போனில் கூப்பிட்டேன்.

என் மனதில் இருந்த வாக்கியம் தமிழ் வாக்கியம். 'நோயாளி ரொம்பக் கஷ்டமாக மூச்சு விடுகிறார்.' அதை எடுத்து அப்படியே இங்கிலீஷில் வைத்தேன். 'டாக்டர், தி பேஷன்ட் இஸ் பிரீதிங் ஹார்ட்லி.'

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு அவர் கேட்டார்: 'ஹார்ட்லி பிரீதிங்?'

சொற்கள் இடம் மாறியிருப்பதை நான் கவனித்தேன். கவனித்தும், அவருடைய இங்கிலீஷ்தான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். 'எஸ் டாக்டர், ஹார்ட்லி பிரீதிங்' என்றேன்.

போனை வைத்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாடி முழுக்க ஒலிபெருக்கியில் கோட் ப்ளூ, அதாவது மூச்சோ இதயமோ நின்றுபோகிற ஆளுக்கான அவசர அழைப்பு, என்று எங்கள் வார்டின் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். ஐந்தாறு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் நெஞ்சை அழுத்தத் தயாராகக் கையுறை மாட்டிக்கொண்டே வந்தார். அவர்கள் எதிர்பார்த்தது மூச்சு நின்றுபோகிற நிலையில் கிடக்கும் ஒரு ஆளை. அங்கே உட்கார்ந்திருந்ததோ, மூச்சுக்காக உடம்பு முழுவதையும் செலவழித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் பெரியவரின் கண்கள் விரிந்தன. தான் சாகப்போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். மகன் விழித்துப் பார்த்து, என்ன நடக்கிறது என்று தெரியாமலே சத்தம் போட்டு அழ ஆரம்பித்தான். பயத்தில் அவருக்கு மூச்சிரைப்பு இன்னும் கூடியது. அதைப் பார்த்துக்கொண்டு நான் சுவரோரமாக நின்றேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடியும்போது சாய்ந்து படுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. 'ஹார்ட் ஆர் ஹார்ட்லி?' என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. காலையில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது எங்கள் சார்ஜ் நர்ஸ், பிலிப்பைன்ஸ்காரி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசி ஒட்டுகிற வெள்ளை டேப்பில் ஒரு விரல் நீளம் கிழித்து, அதில் பேனாவால் இரண்டு வரி எழுதினாள். ஹார்ட் என்று போட்டு அதற்கு நேரே 'மச்', அதாவது ரொம்ப. ஹார்ட்லி என்று போட்டு அதற்கு நேரே 'ஆல்மோஸ்ட் நாட்', அதாவது கிட்டத்தட்ட இல்லை. அதை என் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டிவிட்டுப் போனாள். அந்த டேப் மஞ்சளாகி, எழுத்து மங்கி உதிர்கிற வரை அங்கேயே இருந்தது.

எனக்குப் பயம் பிடித்தது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு நடந்தது தேவையில்லாத ஓட்டம். அது மாறி நடந்திருந்தால்? நிஜமாகவே மூச்சு நின்றுகொண்டிருக்கிற ஒருவரைப் பற்றி நான் தப்பான சொல்லைச் சொல்லி, கேட்டவர் நடந்து வந்திருந்தால்? டாக்டர் ஓடி வருவதும் நடந்து வருவதும் போனில் நாம் சொல்கிற ஒரு அடைமொழியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக இருந்த விஷயம் அது.

கணக்குப் போல் படித்தது

பல மாதம் என்னை அரித்தது அவமானம் அல்ல. நான் எந்த விதியை மீறினேன் என்ற கேள்விதான். யோசித்துப் பார்த்தால் நான் எதையும் மீறவில்லை. சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகச் செய்தேன். அட்ஜெக்டிவோடு, அதாவது பெயரடையோடு, 'லி' சேர்த்தால் அட்வெர்ப், அதாவது வினையடை, வரும். குயிக், குயிக்லி. ஸ்லோ, ஸ்லோலி. சேஃப், சேஃப்லி. நோட்டில் இரண்டு பத்தி போட்டு இருபது இருபதாக எழுதியிருக்கிறோம். கூட்டல் கணக்கு மாதிரி. ஹார்டோடு 'லி' சேர்த்தால் ஹார்ட்லி வரும் என்று கணக்குப் போட்ட பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியுமா? எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் பாவம், அவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு பெரிய அகராதி வாங்கிக்கொண்டேன். சொற்களின் பூர்வீகம் போட்டிருக்கிற அகராதி. டூட்டி இல்லாத நாட்களில் அதைப் புரட்டிப் புரட்டித்தான் பாதி விடை கிடைத்தது. பழைய இங்கிலீஷில் அட்வெர்ப் செய்ய இரண்டு வழி இருந்திருக்கிறது. ஒன்று, சொல்லின் முடிவில் ஒரு சின்ன 'எ' ஒலியைச் சேர்ப்பது. இன்னொன்று, நாம் இன்றைக்கு 'லி' என்கிற முடிவைச் சேர்ப்பது. காலப்போக்கில் அந்தக் கடைசி 'எ' ஒலி தேய்ந்து உதிர்ந்துவிட்டது. அது உதிர்ந்த பிறகு, அட்ஜெக்டிவும் அட்வெர்பும் ஒரே உருவத்தில் நின்றுவிட்டன. ஹார்ட், ஃபாஸ்ட் இரண்டும் அப்படி மிஞ்சியவை. அதனால்தான் 'ஃபாஸ்ட்லி' என்று இன்றைய இங்கிலீஷில் சொல்வதில்லை. நம் ஊரில் பாதிப் பேர் அதைச் சொல்கிறோம், 'பல்ஸ் இஸ் பீட்டிங் ஃபாஸ்ட்லி' என்று சார்ட்டிலேயே எழுதியிருக்கிறேன். 'லி'யின் பூர்வீகம் இன்னும் எனக்குப் பிடித்தது. உடம்பு, உருவம் என்று பொருள்படும் ஒரு பழைய சொல்லில் இருந்து வந்ததாம். லைக் என்ற சொல்லுக்கும் அதே வேர். ஃபிரெண்ட்லி என்றால் நண்பனின் உருவம் கொண்ட என்று அர்த்தமாகிறது. அதனால்தான் ஃபிரெண்ட்லி, லவ்லி போன்றவை 'லி'யில் முடிந்தும் அட்ஜெக்டிவாகவே இருக்கின்றன. வாலைப் பார்த்து மாடு எது ஆடு எது என்று சொல்ல முடியாத இடம் இது.

இதைப் படித்தபோது என் அம்மை ஞாபகம் வந்தது. நான் எங்கே கிளம்பினாலும் அவள் சொல்வது இரண்டே சொல்: 'பைய போ.' கடைக்கு அனுப்பும்போது 'வேகம் வா.' வேகமாக வா என்று நாகர்கோவில் தாண்டினால் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில், மலையாள வாடை பட்ட தமிழில், வேகம் என்ற பெயர்ச்சொல்லே 'ஆக' இல்லாமல் வினையோடு ஒட்டிக்கொள்ளும். பைய என்ற சொல்லுக்கு எந்த வாலும் கிடையாது, பையச் சென்றால் வையம் தாங்கும் என்ற பழமொழியில் இருப்பதும் அதுதான். வால் இல்லாத வினையடை என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஹார்ட், ஃபாஸ்ட் இரண்டையும் யாராவது 'இது உன் அம்மை சொல்கிற பைய மாதிரி, வேகம் மாதிரி, ஒன்றும் சேர்க்காதே' என்று எனக்குச் சொல்லியிருந்தால் போதும். ஒரு நாளில் புரிந்திருக்கும்.

அரிது

மீதிப் பாதி விடை கிடைத்தது வேதப்புத்தகத்தில். இங்கிலீஷை வளர்த்துக்கொள்ள நான் வைத்திருந்த வழி, தமிழ் வேதாகமத்தையும் இங்கிலீஷ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. தமிழில் எனக்கு மனப்பாடமாக இருக்கிற வசனங்கள் அதிகம், அதனால் அகராதி இல்லாமலே அர்த்தம் பிடிபடும். என்னிடம் இருந்தது அப்பா வைத்திருந்த பழைய கிங் ஜேம்ஸ், 1611-இல் வந்த மொழிபெயர்ப்பு. மத்தேயு 19-ஆம் அதிகாரத்துக்கு வந்தேன். ஐசுவரியவானைப் பற்றிய வசனம். 'எ ரிச் மேன் ஷல் ஹார்ட்லி என்டர்' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தமிழில் பார்த்தேன்: ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது.

இங்கே ஹார்ட்லி என்றால் 'நுழையவே மாட்டான்' என்று இல்லை. கஷ்டப்பட்டுத்தான் நுழைவான் என்பதே பொருள். அதாவது, அந்த ராத்திரி நான் போனில் என்ன அர்த்தத்தில் சொன்னேனோ அதே அர்த்தம். அகராதியைத் திரும்ப எடுத்தேன். ஹார்ட்லி என்ற சொல் முதலில் கடுமையாக, பலமாக என்ற பொருளில் இருந்து, பிறகு கஷ்டப்பட்டு என்று ஆகி, அதிலிருந்து 'அனேகமாக இல்லை' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கஷ்டப்பட்டு நடக்கிற காரியம் அடிக்கடி நடக்காது, நடந்தாலும் கொஞ்சம்தான் நடக்கும். அர்த்தம் அந்தச் சரிவில் இறங்கி வந்திருக்கிறது. புது மொழிபெயர்ப்புகளில் இந்த வசனத்தை ஹார்ட் என்றே மாற்றி எழுதியிருக்கிறார்கள், இன்றைய வாசகர் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று.

அப்புறம் தமிழ்ச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரிது. 'செயற்கரிய செய்வார் பெரியர்' என்று குறள் சொல்லும்போது அரிய என்றால் செய்யக் கடினமான என்று பொருள். இன்றைக்கு 'அவர் அரிதாகத்தான் வருவார்' என்றால் எப்போதாவதுதான் வருவார் என்று பொருள். நம்முடைய சொல்லும் அதே சரிவில் இறங்கியிருக்கிறது. கடினத்தில் இருந்து அபூர்வத்துக்கு. எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள், கஷ்டம் என்ற ஒரே இடத்தில் கிளம்பி, ஏறக்குறைய இல்லை என்ற ஒரே பக்கத்துக்கு நடந்து போயிருக்கின்றன. ஹார்டுக்குக் கடினம், ஹார்ட்லிக்கு அரிது என்று அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்தேன். அடையாள அட்டையில் இருந்த டேப்பைவிட அது எனக்கு ஆழமாகப் பதிந்தது. அந்த ராத்திரியின் பாரமும் கொஞ்சம் இறங்கியது. நான் உளறவில்லை, நானூறு வருடம் தாமதமாகச் சொல்லியிருக்கிறேன்.

'ஆக' செய்கிற வேலை

திண்ணைக்கு வருகிறேன். 'தி வூண்ட் இஸ் கிளீன்லி.' நான் பேனாவை வைத்துவிட்டு, ஏன் மக்களே இங்கே 'லி' போட்டாய் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. 'சுத்தமா இருக்குன்னுதான அக்கா சொல்லணும். சுத்தமானன்னா கிளீன். சுத்தமாகன்னு வந்தா, லி வரணும்லா?' என்றாள்.

அவள் கேட்டது தப்பான கேள்வியே இல்லை. 'ஆன'வுக்கும் 'ஆக'வுக்கும் உள்ள வித்தியாசத்தை அவள் தானாகவே பிடித்திருக்கிறாள். சுத்தமான காயம், இங்கே பெயரடை. சுத்தமாகக் கழுவு, இங்கே வினையடை. ஆன என்றால் அட்ஜெக்டிவ், ஆக என்றால் அட்வெர்ப். இந்த அளவுக்கு இதைவிட நல்ல சூத்திரம் எந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்திலும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்காது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தமிழில் காயம் சுத்தமாக *இருக்கிறது* என்கிறோம். இருக்கிறது என்ற வினைக்கு முன்னாலும் அதே 'ஆக'தான் வருகிறது. கழுவு என்பது ஒரு செயல். இரு என்பது செயல் அல்ல, நிலை. தமிழ் இரண்டுக்கும் ஒரே 'ஆக'வைத் தருகிறது. இங்கிலீஷ் இந்த இடத்தில் வழியைப் பிரிக்கிறது. செயல் எப்படி நடந்தது என்று சொன்னால் அட்வெர்ப். ஆள் எப்படி இருக்கிறார், பொருள் எப்படி இருக்கிறது என்று சொன்னால், நடுவில் ஒரு வினை நின்றாலும், அது அட்ஜெக்டிவ்.

எனக்கே இது இவ்வளவு தெளிவாக அன்றைக்குத்தான் பிடிபட்டது. இத்தனை வருடம் சரியாக எழுதிக்கொண்டிருந்தேன், கேட்டுக் கேட்டுப் பழகியதால். ஏன் சரி என்று தெரியாமல் எழுதினேன். பிள்ளையின் தப்புதான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது.

அன்றைக்குக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு, வார்டில் நாம் தினமும் சொல்கிற தமிழ் வாக்கியங்களை முதலில் தமிழிலேயே எழுதச் சொன்னேன். அமைதியாக இருக்கிறார். அமைதியாகப் பேசினார். சோர்வாகத் தெரிகிறார். உடம்பு தொட்டால் சூடாக இருக்கிறது. மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். நன்றாகத் தூங்கினார். ஒவ்வொன்றிலும் வினையை எடுத்துவிட்டு 'இருக்கிறார்' போட்டுப் பார் என்றேன். அர்த்தம் பெரிதாக மாறவில்லை என்றால் அங்கே அட்ஜெக்டிவ். சோர்வாகத் தெரிகிறார், சோர்வாக இருக்கிறார், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே 'லுக்ஸ் டயர்டு'. மெதுவாகத் திருப்பினேன் என்பதில் 'மெதுவாக இருக்கிறேன்' என்று போட்டால் வாக்கியமே கெட்டுப்போகிறது. ஆகவே 'ஜென்ட்லி'. உடம்பு சூடு, 'ஃபீல்ஸ் வார்ம்'. காயத்தில் வாடை, 'ஸ்மெல்ஸ் பேட்'. முகம் வெளுத்துவிட்டது, 'டர்ன்டு பேல்'. லுக் என்ற ஒரே வினைகூட இரண்டு பக்கமும் நிற்கும் என்று காட்டினேன். அவர் அமைதியாகத் தெரிந்தார் என்றால் 'லுக்டு காம்'. அவர் என்னை அமைதியாகப் பார்த்தார் என்றால் 'லுக்டு அட் மி காம்லி'. ஒன்றில் அவர் எப்படி இருக்கிறார் என்பது, மற்றதில் பார்வை எப்படி என்பது. அவள் நோட்டில் 'காம்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள்.

நன்றாக என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றோம். நன்றாகத் தூங்கினார், 'ஸ்லெப்ட் வெல்'. ராத்திரி ரிப்போர்ட்டில் நாங்கள் எழுதுகிற வரி. இங்கே வெல் வினையடை. நன்றாக இருக்கிறார், 'இஸ் வெல்'. இங்கே அதே வெல் உடம்பு சுகமாக இருக்கிற என்ற பொருளில் அட்ஜெக்டிவ். உருவம் மாறாமல் வேலை மட்டும் மாறுகிறது. இதைவிடச் சிக்கல் 'நல்ல'. நல்ல காய்ச்சல், நல்ல வலி, நல்ல மழை என்கிறோமே, அந்த நல்லவுக்கு நன்மையோடு சம்பந்தமில்லை, அது மிகுதி. இங்கிலீஷில் இந்த மிகுதிக்கு ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென்று ஒரு துணையை வைத்திருக்கிறது. காய்ச்சலுக்கு 'ஹை'. வலிக்கு 'சிவியர்'. ரத்தப்போக்குக்கு 'ஹெவி'. இவற்றை விதி வைத்துப் பிடிக்க முடியாது. பெயரோடு சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், சாளை மீனோடு மரச்சீனிக் கிழங்கு சேர்கிற மாதிரி.

இலக்கணம் தெரிந்த ஒரு உறவினரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தொல்காப்பியத்தின் உரியியலை எடுத்துக் காட்டினார். உரிச்சொல்லைப் பற்றிச் சொல்லும்போது 'பெயரினும் வினையினும் மெய்தடுமாறி' என்று வருகிறது. பெயரோடும் சேரும், வினையோடும் சேரும், இன்னதன் உடம்பு என்று பிரிக்க முடியாமல் கலந்து நிற்கும். உறு, தவ, நனி என்ற மூன்றும் மிகுதியைச் சொல்லும் என்று அந்த நூல் அடுத்துச் சொல்கிறது. ஹார்டையும் ஃபாஸ்டையும் விளங்கவைக்க எனக்கு இதற்குமேல் ஒரு வரி வேண்டியதில்லை. அந்த நூலை அரங்கேற்றத்தில் கேட்ட அதங்கோட்டு ஆசான் அதன் பாயிரத்தில்தான் வருகிறார். எங்கள் மாவட்டத்தின் மேற்கே உள்ள அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்று எங்கள் ஆட்கள் உரிமையோடு சொல்வார்கள். அதே பாயிரம் 'வடவேங்கடம் தென்குமரி' என்று எங்கள் குமரியில் வந்துதான் தமிழ் நிலத்தை முடிக்கிறது. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணத்தைத் தமிழைத் தொடாமல் சொல்லிக் கொடுக்கிறோம். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற இடங்களைப் பற்றி இந்தப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அது எனக்கு ஆறவே இல்லை. நாங்கள் செய்கிற தப்புகள் தமிழில் இருந்து வருகின்றன என்பது உண்மை. அப்படியென்றால் தமிழுக்குள் போய்த்தான் அவற்றைப் பிடிக்க முடியும். வாசலில் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றால், தப்பும் பிள்ளையோடு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு, பதற்றத்தில், நாக்கில் முதலில் வந்து நிற்பது அம்மை சொன்ன மொழிதான்.

நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. ஐப்பசி மழை. திண்ணைக்கு மேலே தகர ஷீட்டு, நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. நான் மேலே கையைக் காட்டி, இது ஹார்டா ஹார்ட்லியா என்று சத்தம் போட்டுக் கேட்டேன். அவளும் சத்தம் போட்டாள்: 'ரெயினிங் ஹார்ட்!' கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து இருவரும் குடித்து முடிக்கும்வரை பேச்சே இல்லை. அரைமணி நேரம் கழித்து ஷீட்டின் ஓரத்தில் இருந்து ஒவ்வொரு சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள், 'இப்போ ஹார்ட்லி ரெயினிங் அக்கா.' சொல் வினைக்கு முன்னால் வந்து நின்றதைக் கவனித்தாயா என்றேன். கவனித்தேன் என்றாள். ஹார்ட் வினைக்குப் பின்னால், ஹார்ட்லி வினைக்கு முன்னால். அந்த ராத்திரி டாக்டர் என் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு ஏன் கேட்டார் என்பதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். முழுக் கதையையும் சொன்னேன். பெரியவரின் கண்கள் விரிந்ததையும், மகன் அழுததையும். அவள் சாயா டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள், 'நாம இப்போ அதைச் செய்து பாப்போமா? நீங்க டாக்டர். நான் போன் பண்ணுதேன்.'

அவள் திண்ணையின் அந்த மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். போனில் முகம் தெரியாதில்லையா, அதற்காக. தன் பெயரைச் சொன்னாள். வார்டைச் சொன்னாள். நோயாளியின் வயதைச் சொன்னாள். பிறகு ஒரு நொடி நிறுத்தினாள். அந்த நொடியில் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும்: வினையை எடுத்துவிட்டு 'இருக்கிறார்' போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

'ஹி இஸ் அவேக், டாக்டர். ஹி இஸ் பிரீதிங் ஃபாஸ்ட் அண்ட் வெரி ஹார்ட். ஹிஸ் ஸ்கின் ஃபீல்ஸ் கோல்ட். ஹிஸ் லிப்ஸ் லுக் ப்ளூ.'

'ஐ ஆம் கமிங்' என்றேன்.